39 வயதில் ஏலத்துக்கு வந்த அண்ணன்

ஹைதராபாத் கச்சிபௌலி உள்ளரங்கம், 2016 ஜூலை 31. புரோ கபடி லீக்கின் நான்காவது பருவத்து இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பாட்னா பைரேட்ஸ், எதிரே ஜெய்ப்பூர் பிங்க் பேந்தர்ஸ். பாட்னாவுக்காகப் பாடிப் போன பர்தீப் நர்வாலுக்கு அன்று வயது 19. அவருடைய கேப்டனுக்கு வயது 41. பாட்னா 37-29 என்று ஜெயித்தது. கோப்பையை வாங்கிய அந்தக் கேப்டன் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். பெயர் தர்மராஜ் சேரலாதன்.

கபடியில் 30 வயதைத் தாண்டினாலே ‘சீனியர்’ என்று ஓரம் கட்டத் தொடங்கிவிடுவார்கள். மூச்சும் முழங்காலும் தீர்மானிக்கிற ஆட்டம் இது. இந்த மனிதருக்கோ முதல் தொழில்முறை ஒப்பந்தமே 39-வது வயதில்தான் கிடைத்தது. திறமை தாமதமாக வெளிப்பட்டதால் அல்ல. அவர் உச்சத்தில் ஆடிய காலத்தில் இந்தியாவில் கபடிக்கென்று ஏலமும் இல்லை, லீக்கும் இல்லை, விலையும் இல்லை. 1975 ஏப்ரல் 21-ல் பிறந்தவருக்காக 2014 ஜூலை 26 வரை காலம் காத்திருக்க வைத்தது. அன்றுதான் மும்பையில் எட்டு அணிகளோடு புரோ கபடி தொடங்கியது.

சக ஆட்டக்காரர்கள் அவரை ‘அண்ணா’ என்றுதான் அழைப்பார்கள். தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத ஹரியானா பையன்களுக்கும் அவர் அண்ணாதான். விளம்பரப் பலகைகளில் சிரிக்கும் நட்சத்திரங்களை நமக்குத் தெரியும். ஒரு கிராமத்து ஆட்டம் சம்பளம் தருகிற தொழிலாக மாறிய அந்த ஓரிரு வருடங்களை முழு உடம்போடு கடந்துவந்த முதல் தலைமுறையை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை. அந்தத் தலைமுறையில் நம் டெல்டாவின் ஆள் இவர்.

அறுப்பு முடிந்தால் ஆட்டம்

டெல்டாவில் கபடிக்கு ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணைக்குத் தண்ணீர் வந்து, குறுவை, சம்பா, தாளடி என்று வயல் வேலை ஓடுகிற மாதங்களில் பையன்களுக்கு நேரம் கிடையாது. சம்பா அறுப்பு முடிந்து, வயலில் உளுந்து தெளித்த பிறகு கை ஓயும். தைப் பொங்கலில் தொடங்கி மாசி, பங்குனி வரை ஊருக்கு ஊர் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று சுவரொட்டி ஒட்டியிருக்கும்.

களம் போடுவதே ஒரு வேலை. திடலைக் கொத்திப் புரட்டி, கல், முள், ஓட்டுச்சில் எல்லாம் பொறுக்கி, தண்ணீர் தெளித்து ஒருநாள் விட்டு, மறுநாள் மணல் பரப்பி, சுண்ணாம்புப் பொடியில் கோடு இழுப்பார்கள். நான்கு மூலையிலும் சவுக்குக் கம்பம் நட்டு விளக்குக் கட்டுவார்கள். இரவு பத்து மணிக்கு மேல்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். டாட்டா ஏஸில் பத்துப் பன்னிரண்டு பேராக வந்து இறங்குகிற அணிகளின் பனியன் முதுகில் உரக்கடை பெயரோ, அறுவடை மிஷின் உரிமையாளர் பெயரோ அச்சடித்திருக்கும். மைக்கில் ஒருவர் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். ‘பிடிடா தம்பி, விடாத’ என்று கோட்டுக்கு வெளியே நிற்கிற பெரியவர்கள் கத்துவார்கள். விடிகிற நேரத்துக்கு இறுதிப் போட்டி. முதல் பரிசுத் தொகையும் சுழற்கோப்பையும் வாங்கிக்கொண்டு அணி ஊர் திரும்பும். அந்தத் தொகையை ஆளுக்குப் பிரித்தால் இரண்டு நாள் கூலிகூடத் தேறாது. வண்டி வாடகை போக மிச்சம் இருந்தால் அதுவே பெரிது.

‘விளையாடினா சோறு வருமா?’ என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. நடவுக்கோ மூட்டை தூக்கவோ போக வேண்டிய ஆள் முழங்கால் பிசகிப் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பெரியாது. கபடியின் மீது ஊருக்கு இருந்த பாசமும், கபடியை ஒரு பிழைப்பாக ஊர் ஏற்க மறுத்ததும் ஒரே வீட்டுக்குள் இருந்தவை.

லங்காஷையரின் சனிக்கிழமை

இதே கதை 140 வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. அதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது.

லங்காஷையர் பஞ்சாலைப் பகுதி. 1850-ல் வந்த தொழிற்சாலைச் சட்டப்படி நெசவாலைகள் சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மூடப்பட்டன. நமக்கு அறுப்பு முடிந்த மாசி எப்படியோ, அவர்களுக்கு அந்தச் சனிக்கிழமை மதியம் அப்படி. ஆலைத் தொழிலாளிகள் கால்பந்து ஆடத் தொடங்கினார்கள். டார்வென் என்ற சிறு ஊரின் அணி 1879-ல் எஃப்.ஏ. கோப்பைக் கால் இறுதிக்குப் போனது. எதிரணி ஓல்ட் ஈட்டோனியன்ஸ், அதாவது பணக்காரப் பள்ளியில் படித்த கனவான்கள். முதல் ஆட்டம் 5-5. அடுத்தது 2-2. மூன்று முறையும் லண்டனுக்குப் போய் ஆட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் தொழிலாளிகளுக்குக் கூலி போனது, ரயில் செலவு வேறு. ஊரே சேர்ந்து வசூல் செய்துதான் அவர்களை அனுப்பிவைத்தது. மூன்றாவது ஆட்டத்தில் 2-6 என்று தோற்றார்கள்.

அந்த அணியில் ஃபெர்கஸ் சூட்டர் என்று ஒரு கிளாஸ்கோக்காரர் ஆடினார். தொழில் கல் கொத்துவது. டார்வெனுக்கு வந்த கொஞ்ச நாளில் அந்தத் தொழிலை விட்டுவிட்டார். இங்கிலாந்துக் கல் ரொம்பக் கடினம், கை வீங்கிவிடுகிறது என்பது அவர் சொன்ன காரணம். வேலையில்லாத ஆள் எப்படிச் சாப்பிடுகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். கால்பந்துக்குக் காசு வாங்குவது அப்போது விதிப்படி குற்றம். அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. 1880-ல் அவர் பிளாக்பர்ன் ரோவர்ஸுக்கு மாறி, 1884, 1885, 1886 என்று வரிசையாக மூன்று முறை கோப்பை வென்றார். நடுவில், 1885 ஜூலையில், கால்பந்துச் சங்கம் வேறு வழியில்லாமல் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. 1888-ல் பன்னிரண்டு அணிகளோடு லீக் பிறந்தது. அதற்குள் சூட்டருக்கு வயதாகிவிட்டது. அந்த லீக்கில் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கோல் கீப்பராக.

ஒரு ஆட்டத்தைத் தொழிலாக்க உடம்பைக் கொடுக்கிற முதல் தலைமுறைக்கு அந்தத் தொழிலின் பலன் கிடைப்பதற்குள் உடம்பு ஓய்ந்துவிடுகிறது. சூட்டருக்கு நடந்தது அதுதான். ஆப்பிரிக்காவின் அக்ராவில் பிறந்து, உலகின் முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்து வீரர் என்று இன்று கொண்டாடப்படுகிற ஆர்தர் வார்ட்டன் கதை இன்னும் கொடுமையானது. 1889-ல் ராதர்ஹாம் டவுன் அணியில் தொழில்முறை வீரரானவர், கடைசியில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து 1930-ல் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க் கல் வைக்கப்பட்டது 1997-ல்.

சேரலாதன் அந்த விதியிலிருந்து தப்பித்தவர். லீக் பிறந்தபோது அவருக்கு 39. அதற்கு மேலும் ஏழெட்டு வருடம் ஆடினார்.

வேலை என்ற பெயரில் சம்பளம்

நம் ஊரில் சூட்டர் வாய் திறக்காமல் வாங்கிய காசுக்கு இணையாக இருந்தது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. பெய்ஜிங் ஆசியப் போட்டியில் 1990-ல் கபடி முதல் முறையாகப் பதக்க ஆட்டமாகி இந்தியா தங்கம் வாங்கியது. அப்போது சேரலாதனுக்கு 15 வயது. அந்தத் தங்கத்துக்குப் பிறகு நன்றாகக் கபடி ஆடுகிற பையனுக்கு ஒரு வழி திறந்தது. மாவட்ட அணி, மாநில அணி, பிறகு ரயில்வே, காவல்துறை, வங்கி, எண்ணெய் நிறுவனம் என்று ஏதாவது ஒரு துறை அணி. வேலைக்குச் சேர்த்துக்கொள்வார்கள், ஆடச் சொல்வார்கள். மாதச் சம்பளம் வரும். தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்திலிருந்து கிளம்பி 1994 ஹிரோஷிமா தங்கம் வரை போன மணத்தி கணேசனின் வாழ்க்கையை மாரி செல்வராஜின் ‘பைசன்’ படத்தின் வழியாக இப்போது பலர் தெரிந்துகொண்டார்கள். ஒரு தென் மாவட்டத்துப் பையன் ஒவ்வொரு அணிக்குள்ளும் நுழைய என்னென்ன தாண்ட வேண்டியிருந்தது என்பதை அந்த வாழ்க்கை சொல்லும்.

துறை வேலை பெரிய பாதுகாப்பு. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். டெல்டாவில் எத்தனையோ குடும்பங்களை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அதில் ஒரு விஷயம் மறைந்திருந்தது. சம்பளம் எழுத்தருக்கோ காவலருக்கோ உரியது, ஆட்டத்துக்கு உரியது அல்ல. ஒரு கணுக்கால் பிடிக்கு என்ன மதிப்பு என்று யாரும் கணக்குப் போட்டதில்லை.

கூட்டமைப்பின் பெயரே இன்றுவரை அதைச் சொல்கிறது. 1972-ல் தொடங்கிய இந்திய அமெச்சூர் கபடிக் கூட்டமைப்பின் கீழ்தான் எல்லாம் நடக்கிறது. மாநிலக் கழகத்தின் பெயரிலும் ‘அமெச்சூர்’ உண்டு. கோடிக்கு ஏலம் போகிற ஆட்டக்காரர்கள் அந்தப் பெயர்ப்பலகையின் கீழ்தான் பதிவு செய்துகொள்கிறார்கள்.

வலது ஓரத்தில் நிற்பவர்

பாடிப் போகிறவர்களைத்தான் எல்லோருக்கும் பிடிக்கும். கைதட்டல் அவர்களுக்கு, பெரிய விலை அவர்களுக்கு. சேரலாதன் பிடிக்கிறவர். வலது கார்னர். அவர் இத்தனை வயது வரை எப்படி ஆடினார் என்பதற்கான பதில் அந்த இடத்திலேயே இருக்கிறது.

கார்னரில் நிற்பவரின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால்தான் புரியும். எதிரணி ஆள் ‘கபடி, கபடி’ என்று பாடிக்கொண்டு வருகிறார். கையில் இருப்பது 30 விநாடி. அவர் போனஸ் கோட்டைத் தொடப் பார்ப்பார். ஆறேழு பேர் களத்தில் நிற்கும்போதுதான் அந்தப் புள்ளி செல்லும். ஒரு கால் காற்றில் தூக்கியிருக்க, இன்னொரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற வேண்டும். அதாவது முழு எடையும் ஒற்றைக் காலில் வந்து நிற்கிற ஒரு கணம் உண்டு. கார்னர் காத்திருப்பது அந்தக் கணத்துக்கு. முகத்தைப் பார்க்கக் கூடாது, முகம் பொய் சொல்லும். இடுப்பைப் பார்க்க வேண்டும், இடுப்பு போகிற பக்கம்தான் உடம்பு போகும். ஒரு இமைப்பு முந்திப் பாய்ந்தால் காலை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், போகிற போக்கில் முதுகைத் தொட்டுப் புள்ளியும் எடுப்பார்கள். ஒரு இமைப்பு பிந்தினால் குதிகால் முகத்தில் வந்து விழும். சரியான நேரத்தில் பாய்ந்து கணுக்காலை இரண்டு கையாலும் கோத்து மார்போடு அணைத்துக்கொண்டால், 80 கிலோ ஆள் ஒற்றைக் காலில் தத்தளிப்பார். அதற்குள் கவரில் நிற்பவர்கள் வந்து மேலே விழ வேண்டும். அவர்கள் வரத் தாமதமானால் பிடித்தவரையே இழுத்துக்கொண்டு நடுக்கோடு வரை போய்விடுகிற ஆட்கள் உண்டு.

பாடுபவர் ஓர் ஆட்டத்தில் இருபது முறைகூடப் போய் வருவார். ஒவ்வொன்றும் முழு வேகம். கார்னருக்கு அப்படியல்ல. நாற்பது நிமிடத்தில் நான்கைந்து நல்ல பிடி போதும், ஆட்டம் திரும்பிவிடும். எதைப் பிடிப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதில்தான் வித்தை. அது 19 வயதில் வராது. மண் களத்தில் ஆயிரக்கணக்கான கால்களைப் பார்த்த கண்ணுக்குத்தான் வரும். அணியில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ மிஞ்சியிருக்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அந்த நேரத்தில் பதறாத ஆள் ஒருவர் களத்தில் இருந்தால் மற்ற இருவருக்கும் தெம்பு வரும். அணிகள் இவரைத் தேடித் தேடி எடுத்ததற்கும், கேப்டன் பட்டை கொடுத்ததற்கும் காரணம் இதுதான்.

மண்ணிலிருந்து ‘மேட்’ என்கிற சிந்தெடிக் விரிப்புக்கு மாறியதைத் தாங்கியது இன்னொரு பெரிய சாதனை என்பது என் எண்ணம். மண்ணில் கால் வழுக்கும், அந்த வழுக்கல் மூட்டைக் காப்பாற்றும். சிந்தெடிக் மேட்டில் ஷூ கவ்விப் பிடித்துக்கொள்ளும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. முழங்கால் தசைநார் அறுவது அப்படித்தான். வெறுங்காலோடு மண்ணில் பழகிய தலைமுறையில் பலரால் இந்த மாற்றத்தைத் தாண்ட முடியவில்லை. இவர் தாண்டினார், அதுவும் நாற்பதை ஒட்டிய வயதில்.

முதல் பருவத்தில் பெங்களூரு புல்ஸ். நான்காவது பருவத்தில் பாட்னாவின் கேப்டனாகக் கோப்பை. அதே 2016 அக்டோபரில் அகமதாபாத் உலகக் கோப்பைக்கு அனுப் குமார் தலைமையில் போன இந்திய அணியிலும் அவர் இருந்தார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 32-34 என்று இந்தியா தோற்று நாடே அதிர்ந்தது. பிறகு மீண்டு வந்து இறுதியில் ஈரானை 38-29 என்று வென்றது. 41 வயதில் உலகக் கோப்பைப் பதக்கம். அதற்கப்புறம் புனே, மும்பை. 2019-ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அவரைக் கேப்டனாக்கியது, அப்போது வயது 44. கபடியின் கோட்டை என்று சொல்லப்படுகிற ஹரியானாவின் பெயர் தாங்கிய அணி ஒரு தஞ்சாவூர்க்காரர் தலைமையில் பிளே-ஆஃப் வரை போனது. கொரோனாவுக்குப் பிறகு, 2021 டிசம்பரில் பெங்களூரில் கூட்டமில்லாமல் நடந்த எட்டாவது பருவத்தில் ஜெய்ப்பூர் அணியில் இருந்தபோது வயது 46.

விலையும் வலியும்

2014-ன் முதல் ஏலத்தில் மிக அதிக விலை போனவர் ராகேஷ் குமார். 12 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். அன்று அதுவே தலைப்புச் செய்தி. 2017-ல் நிதின் தோமர் 93 லட்சம். அதே ஏலத்தில் நம் தமிழ்நாட்டு செல்வமணியை ஜெய்ப்பூர் 73 லட்சத்துக்கு எடுத்தது. 2018-ல் மோனு கோயத் ஒன்றரைக் கோடியைத் தாண்டினார். 2023-ல் பவன் செராவத் இரண்டரைக் கோடிக்கும் மேல். ஒன்பதே வருடத்தில் இருபது மடங்கு. பெரும்பாலும் பாடுபவர்களுக்குத்தான் இந்தத் தொகை.

இங்கிலாந்துக் கால்பந்தில் இப்படி ஏற விடவில்லை. 1901-ல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று உச்சவரம்பு போட்டார்கள். அந்த உச்சவரம்பு முறையை உடைக்க 1961 வரை ஆயிற்று, அதுவும் ஆட்டக்காரர்கள் சங்கமாகத் திரண்டு வேலை நிறுத்தம் செய்வோம் என்று நின்ற பிறகுதான். கபடியில் விலை சீக்கிரம் ஏறியது. சங்கம்தான் இல்லை. அதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு உறுத்துகிறது.

பவன் செராவத் கதையே போதும். 2022-ல் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடிக்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் அந்தப் பருவம் முழுக்க அவர் உட்கார வேண்டியதாயிற்று. அவருக்குச் சிகிச்சை பார்க்க ஒரு அணி இருந்தது, அடுத்த வருடம் இன்னும் பெரிய விலையோடு திரும்பி வந்தார். மாசி மாதத்து மின்னொளிக் களத்தில் அதே முழங்கால் அதே விதமாக அறுந்து போகிற பையனுக்கு யார் இருக்கிறார்கள்? புத்தூர்க் கட்டும் நாட்டு எண்ணெயும் தசைநாரை ஒட்டவைக்காது. அறுவை சிகிச்சைக்கும், அதற்குப் பின் மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய பயிற்சிக்கும் ஆகிற செலவு ஒரு ஏக்கர் சம்பாவின் லாபத்தைத் தின்றுவிடும். போட்டி நடத்துகிற ஊர்கள் நுழைவுக் கட்டணத்தோடு சேர்த்து ஆட்டக்காரர்களுக்கு விபத்துக் காப்பீடும் எடுக்கலாம். மாவட்டக் கழகம் அதைக் கட்டாயமாக்கலாம். சேரலாதன் போன்றவர்களைக் காட்டிப் பையன்களைக் களத்துக்கு அழைக்கிற நாம் இதைச் செய்யாமல் இருப்பது சரியல்ல.

அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு 3 சதவீதம் ஒதுக்குகிறது. லீக் வந்த பிறகு அது தேவையில்லை என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பன்னிரண்டு அணிகளில் மொத்தமே சில நூறு இடங்கள்தான். டெல்டாவில் மட்டும் அதைவிட அதிகமான பையன்கள் தை மாதத்தில் களமிறங்குகிறார்கள்.

2017-ல் தமிழ் தலைவாஸ் அணி உருவாகி, சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோது சேரலாதன் புனே அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டக்காரராக ஒரு பருவம்கூட அவர் அந்தச் சட்டையைப் போட்டதில்லை. பெங்களூரு, பாட்னா, புனே, மும்பை, ஹரியானா, ஜெய்ப்பூர் போன்ற மற்ற அணிகளுக்காகவே ஆடி முடித்தார். பதினோராவது பருவத்துக்கு முன்பு, 2024-ல், தலைவாஸ் அணி உதயகுமாரைத் தலைமைப் பயிற்சியாளராகவும் சேரலாதனை வியூகப் பயிற்சியாளராகவும் அறிவித்தது. அந்தப் பருவத்துக்கான ஏலத்தில் சச்சின் தன்வர் என்ற இளைஞரை அதே அணி 2.15 கோடிக்கு எடுத்தது. யார் எந்தக் காலை முன்னே வைத்துப் பாடுவார், எந்த நேரத்தில் போனஸுக்குப் போவார், எதை விட்டுவிட வேண்டும் என்று அந்த ஓய்வறையில் சொல்லித் தருகிற வேலை அந்தப் பருவத்தில் அண்ணனுடையதாயிற்று. அதற்கும் சம்பளம் இருந்தது, அதுவும் கபடிக்கென்றே எழுதப்பட்ட சம்பளம்.